சார்ந்தோர் எண் இரண்டு

முகாமின் நுழைவாயில் சுவரில் ஆள் உயர எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது: 'எல்லையை வீரர் காக்கிறார், வீரரின் குடும்பத்தைப் படை காக்கிறது.' ஆண்டுக்கொரு முறை அதற்குப் புது வண்ணம் அடிப்பார்கள். வண்ணம் அடிப்பதற்கென்று தனிப் பிரிவும் தனி அதிகாரியும் ஒரு ஜீப்பும் இருந்தன. குடும்பத்தைக் காப்பதற்கும் ஒரு பிரிவு இருந்தது. அதில் ஒரு குமாஸ்தாவும் ஒரு மின்விசிறியும் இருந்தார்கள். இருவரில் மின்விசிறிதான் அசையும்.

தையல்காரி அந்த வாசகத்தை நம்பினாள். இந்தக் கதை அதனால்தான் நடந்தது. நம்பாதவர்களுக்கு அங்கே எதுவும் நடப்பதில்லை.

அவள் கணவன் படையில் லாரி ஓட்டும் சார்ஜெண்ட். பதினெட்டு வருடச் சேவை. அவள் வீட்டிலேயே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு சீருடைகளைத் திருத்திக் கொடுப்பவள். சாதாரண வீரர்களின் கால்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும். அதிகாரிகளுடையதைப் பிரித்துவிட வேண்டியிருக்கும். எந்த ஊருக்கு மாற்றலானாலும் இது மட்டும் மாறியதில்லை. அவர்களுக்கு ஒரே மகள். பதினைந்து வயதுக்குள் ஆறு பள்ளிக்கூடம் பார்த்தவள்.

ஐந்தாவது பள்ளியில்தான் அது தொடங்கியது. பெண் முதலில் சிநேகிதிகளை விட்டாள், பிறகு பள்ளிக்கூடத்தை, பிறகு சாப்பாட்டை, கடைசியில் தலை வாருவதை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தபடியே இருந்தாள். 'பெரிய பெண் ஆனால் இப்படித்தான்' என்றார்கள் அக்கம்பக்கத்தார். அந்த ஊர் முகாமில் கொடுத்த முதல் மாத்திரையில் நாளெல்லாம் தூங்கினாள். இரண்டாவதில் தூக்கமே போய்விட்டது. டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. அப்புறம் ஊருக்குள் இருந்த மனநல மருத்துவர் ஒருவர் ஒரு வெள்ளை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முகாமின் மருத்துவ அதிகாரி இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியம் இல்லாதவர். ஒரே கையெழுத்தில் அதைப் படைச் செலவில் வாங்க அனுமதித்தார்.

ஏழாவது வாரம் ஒரு காலையில் பெண் தானாக எழுந்து அடுக்களைக்கு வந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். தையல்காரி முகத்தைக் காட்டாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு ரொட்டியை வாட்டினாள். அன்று வாட்டிய ரொட்டி எல்லாம் கருகிப்போனது. இரண்டு பேரும் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

அந்த மாதமே மாற்றல் உத்தரவு வந்தது. புது முகாமுக்கு வந்து சாமான் பிரித்து முடிப்பதற்குள் சார்ஜெண்டை வேறொரு பணிக்கு அனுப்பினார்கள். எங்கே என்பது இரகசியம். எவ்வளவு நாள் என்பதும் இரகசியம். மகளின் மாத்திரை இன்னும் ஆறு வாரத்துக்கு இருந்தது. அதற்குள் ஏற்பாடு செய்துவிடலாம் என்று தையல்காரி குடும்ப நலப் பிரிவுக்குப் போனாள்.

குமாஸ்தாவை எல்லோரும் 'விதிப்படி' என்றுதான் சொல்வார்கள். அவர் கெட்டவர் இல்லை. வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவார், தண்ணீர் கொடுப்பார், அதன் பிறகுதான் விதியைச் சொல்வார். அவளுடைய படைக் குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் அவளுக்குப் பெயர் கிடையாது. சார்ந்தோர் எண் ஒன்று என்றிருந்தது. மகள் சார்ந்தோர் எண் இரண்டு. அந்த வெள்ளை மாத்திரை இந்த முகாமின் மருந்துப் பட்டியலில் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். பட்டியலில் மனதுக்கென்று இரண்டு மாத்திரைகள் இருந்தன. முதலில் அதைச் சாப்பிட வேண்டும், எட்டு வாரம். அது தோற்றால் அடுத்தது, இன்னொரு எட்டு வாரம். அதுவும் தோற்றால், தோல்விச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம்.

அந்த இரண்டையும் என் பெண் ஏற்கெனவே சாப்பிட்டுப் படாத பாடு பட்டுவிட்டாள் என்று தையல்காரி பழைய சீட்டுகளை எடுத்துக் காட்டினாள். விதிப்படி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இது அந்த முகாமோட தோல்விம்மா," என்றார். "இங்க வந்து புதுசா தோக்கணும்."

தோல்விச் சான்றிதழை யார் தருவார் என்று கேட்டாள். மனநல மருத்துவர். அவர் எங்கே இருக்கிறார்? அந்தப் பணியிடம் நான்கு வருடமாகக் காலி. ஏன் நிரப்பவில்லை? நோயாளிகளே இல்லாத இடத்துக்கு மருத்துவரைக் கேட்டு எழுத விதியில் இடமில்லை. நோயாளிகள் ஏன் இல்லை? மருத்துவர் பார்த்துச் சொன்னால்தானே ஒருவர் நோயாளி ஆக முடியும். இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. பல வருடமாகத் தானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவர் போலச் சொன்னார்.

ஒரே ஒரு வழி இருந்தது. விதிவிலக்குக் குழுவுக்கு மனுப் போடலாம். மனுவில் வீரர் தன் கைப்பட, மையால் கையெழுத்திட வேண்டும். அவர் இருக்கும் இடம் இரகசியமாயிற்றே என்றாள். ஆமாம் என்றார் விதிப்படி. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள நலப் பிரிவுக்கு அதிகாரம் இல்லை. தெரிந்த இடம் படைத் தபால் பிரிவு. ஆனால் மருத்துவக் காகிதங்களைச் சுமக்கத் தபால் பிரிவுக்கு அதிகாரம் இல்லை. அவள் படிவத்தை ஒரு சாதாரணக் கடிதத்துக்குள் மடித்து வைத்து அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து அவன் தொலைபேசியில் பேசியபோது கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. படிவத்தைத் தணிக்கையில் எடுத்துவிட்டார்கள். மறுபடி அனுப்பினாள். மறுபடி எடுத்தார்கள்.

அதுவரை தற்காலிக உதவியாக 'மனம் திறப்போம்' என்ற தொலைபேசி எண்ணை விதிப்படி எழுதிக் கொடுத்தார். ஒரு மாலை தாயும் மகளுமாக அதைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மறுமுனையில் இருந்தவர் ஓய்வு பெற்ற அணிவகுப்புப் பயிற்சியாளர். எதிரே இருந்த காகிதத்தை வாசிப்பது தெரிந்தது. எண்ணைச் சொல்லச் சொன்னார், பெயரைக் கேட்கவில்லை. பிறகு, மைதானத்தில் இருநூறு பேர் நிற்பது போன்ற குரலில், "மூச்சை உள்ளே… இழு. மூச்சை… நிறுத்து. நிறுத்து. நான் சொல்லாம யாரும் விடக் கூடாது," என்றார். அவர் சொல்ல மறந்துவிட்டார். காகிதத்தின் அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பெண் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தையல்காரியும் சிரித்தாள். மாத்திரை அப்போது இன்னும் பத்து நாளுக்கு இருந்தது.

அந்தப் பத்து நாளுக்குள் விதிவிலக்குக் குழு கூடியது. படிவத்தில் வீரர் கையெழுத்து இல்லாவிட்டாலும், 'பூர்வாங்க நேர்காணல்' என்ற பெயரில் நோயாளியைப் பார்க்க விதியில் இடமிருப்பதை விதிப்படியே கண்டுபிடித்துச் சொன்னார். குழுவில் மூன்று பேர். தலைவர் பல் மருத்துவ மேஜர். அடுத்தவர் எலும்பு மருத்துவர். மூன்றாமவர் படை நாய்ப் பிரிவின் கால்நடை மருத்துவர். மூன்று பேருக்கும் அவள் கால்சட்டை பிரித்துக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் அவர்கள் அவளைத் தெரிந்தது போல் காட்டிக்கொள்ளவில்லை.

பெண் அன்று தலைக்குக் குளித்து, இரட்டைப் பின்னல் போட்டு, இஸ்திரி போட்ட பள்ளிச் சீருடையில் வந்தாள். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு தலையசைத்தார். எலும்பு மருத்துவர் எழுந்து நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார். அவருக்கும் குறையொன்றும் தெரியவில்லை.

"பொண்ணு நல்லாத்தானே இருக்கு," என்றார் தலைவர்.

மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறாள் என்று தையல்காரி சொன்னாள்.

"அப்படின்னா நோய் இல்லன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. நோய் இல்லாதவங்களுக்கு எப்படிம்மா மருந்து குடுக்கிறது? மருந்து வீணாகக் கூடாதுங்கிறதுக்குத்தானே இந்தக் குழு. உடம்பு முடியாமப் போகட்டும், கூட்டிட்டு வாங்க, கண்டிப்பா பார்க்கறோம்."

வெளியே வராந்தாவில் கால்நடை மருத்துவர் பின்னாலேயே வந்து நின்றார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த வெள்ளை மாத்திரை நல்ல மாத்திரை என்றார். வெடிச்சத்தம் கேட்டு மூலையில் பதுங்கிக்கொள்ளும் நாய்களுக்கு அவர் அதைத்தான் கொடுக்கிறார். நாய்ப் பிரிவின் பட்டியலில் அது இருக்கிறது. நாய் சோர்ந்திருக்கிறது என்று அதன் பராமரிப்பாளர் வாயால் சொன்னால் போதும், படிவம் கிடையாது. ஒரு நாய் வேலைக்கு லாயக்கில்லாமல் போனால் படைக்கு எவ்வளவு நஷ்டம் என்று மேலிடத்துக்குத் தெரியும். இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கொடுக்கத் தனக்கு ஆசைதான் என்றும், நாய் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுத்தேன் என்று நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் தன்னால் தாங்க முடியாது என்றும் சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

மாத்திரை தீர்ந்தது. ஊருக்குள் இருந்த மருந்துக் கடையில் பழைய சீட்டை வைத்து ஒவ்வொரு வாரமாக இரண்டு முறை வாங்கினாள். மூன்றாவது முறை, சீட்டு காலாவதி ஆகிவிட்டது, புதுச் சீட்டு வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. சீட்டு எழுத அந்த ஊரில் தனியாக மனநல மருத்துவர் யாரும் இல்லை.

முதல் வாரம் பெண்ணுக்குத் தலை சுற்றியது. இரண்டாவது வாரம் காரணமில்லாமல் கோபம் வந்தது. தட்டை வீசினாள், பிறகு அவளே பொறுக்கினாள், பொறுக்கிக்கொண்டே அழுதாள். அதன் பிறகு கோபமும் போய்விட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தையல்காரிக்கு அந்த முதுகு தெரிந்த முதுகு. அவள் கத்தரிக்கோல்களையும் பிரிக்கும் பிளேடுகளையும் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு நாள் பெண் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"கத்தரிக்கோல எல்லாம் எங்கம்மா வச்ச?"

"ஏன் கண்ணு?"

"ஒண்ணுமில்ல. நீ பல்லால கடிச்சிட்டு இருக்கியேன்னு கேட்டேன்."

தையல்காரி அன்றிலிருந்து அவள் அறையிலேயே பாய் போட்டுப் படுத்தாள்.

உடம்பு முடியாமல் போய்விட்டதால், குழுத் தலைவர் சொன்னபடியே இரண்டாவது நேர்காணலுக்கு நாள் வாங்கினாள். அன்று பெண்ணை எழுப்பி உட்கார வைக்கவே முடியவில்லை. அவள் மட்டும் போய் நின்றாள். தலைவர் எண்ணை வாசித்தார். சார்ந்தோர் எண் இரண்டு எங்கே என்று கேட்டார். எழுந்திருக்க முடியவில்லை, அதுதான் நோய் என்றாள் அவள். நோய் இருக்கிறதா இல்லையா என்று நோயாளியைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று அவர் நியாயமாகவே கேட்டார். வீட்டுக்கு வந்து பார்க்கலாமே என்றாள். வரலாம், விதியில் இடமிருக்கிறது, ஆனால் வண்டி வேண்டும். வண்டி நிற்கிறது, டிரைவர்கள் இல்லை. எல்லோரையும் பணிக்கு அனுப்பியாகிவிட்டது. கோப்பில் 'வரவில்லை' என்று எழுதினார்கள். படையில் வராமல் இருப்பது குற்றம். நான்கு நாளில் மகள் பெயருக்கு, அதாவது மகள் எண்ணுக்கு, எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுமதியின்றிப் பணிக்கு வராதது குறித்து ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்றிருந்தது.

அந்த வாரத்தில்தான் பிரிகேடியரின் விழாச் சீருடை அவளிடம் வந்தது. மனநல விழிப்புணர்வு வாரத்தைத் தொடங்கி வைத்து அவர் பேச வேண்டும். சட்டை பொத்தான் போட மறுத்தது. அளவு பார்க்க அவளை அவர் அலுவலகத்துக்கே கூப்பிட்டிருந்தார்கள். இடுப்பு நாற்பத்திரண்டு. அவர் கைகளை விரித்துக்கொண்டு நின்றபடி, எழுதி வைத்திருந்த உரையைச் சத்தமாகப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார். நடுநடுவே அவளிடமும் பேசினார். மனநலம் என்பது ஒழுக்கம்தான் என்றார். முப்பது வருடமாகத் தனக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது, அதை யாரிடமாவது போய்ச் சொல்லியிருக்கிறேனா என்றார். கனவில் செத்துப்போனவர்கள் வந்தாலும் காலையில் ஐந்து மணிக்கு முகச்சவரம் செய்துவிடுவேன் என்றார்.

வெளியே யாரோ இரும்புக் கதவை அறைந்து சாத்தினார்கள்.

அவள் குண்டூசியோடு நிமிர்ந்தபோது எதிரே பிரிகேடியர் இல்லை. மேசைக்குக் கீழே இருந்தார். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டிருந்தார். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். சற்று நேரத்தில் அவர் எழுந்து வந்து, பேனா விழுந்துவிட்டது என்றார். ஆமாம் சார் என்றாள் அவள்.

இவருக்குப் புரியும் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. கைகளை மறுபடி விரிக்கச் சொல்லி அளவெடுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: பட்டியல், தோல்வி, பல் மருத்துவர், வராத மகள், மூன்று மாதமாகக் கணவனிடம் போய்ச் சேராத படிவம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முகம் நிஜமாகவே இளகியிருந்தது.

"நானே தலையிடறேன்மா," என்றார். "உங்க பிரச்சினை இந்த வாரத்துல தீந்துடும்."

மகளின் அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி உதவியாளரிடம் சொல்லி எழுத வைத்தார். அன்று அவள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னும் ஒரு வாரம்தான் கண்ணு, பெரியவரே சொல்லிட்டாரு," என்றாள்.

விழாவுக்குக் குடும்பங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. பக்கத்து வீட்டு அம்மாளைப் பெண்ணுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு அவள் போனாள். அரங்கம் நிறைய மனைவிமார். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பச்சை ரப்பர் பந்து வைத்திருந்தார்கள். மனம் கனமாக இருக்கும்போது அமுக்குவதற்கு. பிரிகேடியரின் சட்டை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"பெருமையோட சொல்றேன்," என்று அவர் ஆரம்பித்தார். "நாலு வருஷமா இந்த முகாம்ல ஒரு குடும்பத்துலகூட மனநோய் பதிவாகல. பக்கத்து முகாம்ல டாக்டரப் போட்டாங்க. போட்ட ஆறே மாசத்துல முப்பத்தெட்டு நோயாளிங்க. டாக்டர் வந்ததுக்கு அப்புறம்தான் நோய் வந்திருக்கு. அந்தத் தப்ப நாம பண்ணல."

கைதட்டினார்கள்.

"இந்த வருஷம் ஒரே ஒரு மனு வந்துச்சு. மறைக்க மாட்டேன். ஒரு சார்ஜெண்டோட பொண்ணு. என் காதுக்கு வந்ததும் நானே தலையிட்டேன். நாப்பத்தெட்டு மணி நேரத்துல தீத்து வச்சோம். பொண்ணு இப்ப பரிபூரண குணம். அவங்க அப்பாவே கைப்பட எழுதிக் குடுத்து மனுவத் திரும்ப வாங்கிட்டாரு. ஆக, இந்த வருஷமும் நம்ம கணக்கு பூஜ்யம்."

முகாமுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தையல்காரியும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அது தன் பெண் என்பது அவளுக்கு உறைத்தது. கைகள் உடனே நிற்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று தடவை தாமாகவே தட்டிவிட்டு நின்றன.

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே குடும்ப நலப் பிரிவின் படியில் நின்றாள். விதிப்படி நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், கோப்பை எடுத்துக் காட்டினார். ஒரு தாள். 'என் மகள் பூரண நலத்துடன் இருக்கிறாள். மனநல உதவி எதுவும் தேவையில்லை' என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே அவள் கணவனின் கையெழுத்து. எங்கே இருந்தாலும் அவளுக்குத் தெரியும் அந்தக் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து ஒரு புள்ளி வைப்பான். போனதும் வந்ததுமாக இரண்டே நாள் ஆகியிருந்தது. மூன்று மாதமாகப் போகாத இடத்துக்கு இது மட்டும் எப்படிப் போனது என்று கேட்டாள். அது மருத்துவக் காகிதம், இது நிர்வாகக் காகிதம் என்று விதிப்படி விளக்கினார். நிர்வாகக் காகிதத்துக்கு ஹெலிகாப்டர் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கணவனின் தொலைபேசி வந்தது. மாதம் ஒரு முறை, ஐந்து நிமிடம். அதில் முதல் நிமிடம் ஆபரேட்டருக்கு: இடத்தைப் பற்றிப் பேசக் கூடாது, வானிலை கூடாது, உணவு கூடாது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. தையல்காரி வேறு எதையும் கேட்கவில்லை. அந்தக் காகிதம் வந்ததா என்று மட்டும் கேட்டாள்.

"வந்துச்சு."

"படிச்சீங்களா?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. படிக்கவில்லை, கட்டோடு கட்டாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டால்கூட அவள் நம்பியிருப்பாள். நம்புவதற்குத் தயாராக ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சேன்," என்றான் அவன். "உக்கார வச்சு டீ குடுத்தாங்க. நாற்காலியில உக்கார வச்சு. பேரு ரெக்கார்டுல ஏறிட்டா நாளைக்குப் பொண்ணுக்குத்தான் கஷ்டம்னாங்க. அடுத்த மாசம் பதவி உயர்வு லிஸ்ட் வருதுன்னு அவங்க சொல்லல. அது எனக்கே தெரியும்."

"அவ எந்திரிச்சு பதினோரு நாளாச்சுங்க."

"நல்லா இருக்கான்னு போட்டிருந்துச்சே."

"அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டது நீங்க."

ஒரு நிமிடம் பாக்கி இருக்கிறது என்றார் ஆபரேட்டர். அந்த நிமிடத்தின் நடுவில், லைன் இருக்கிறதா என்று பாவம் அவரே ஒரு முறை கேட்டார்.

திங்கட்கிழமை அவள் ஊருக்குள் இருந்த பொது மருத்துவமனைக்குப் போய் விசாரித்தாள். மனநலப் பிரிவு இருந்தது, மாத்திரையும் இருந்தது. ஆனால் வேறு எந்தக் காப்புறுதியும் இல்லாதவர்களுக்குத்தான் அங்கே மருந்து. படைக் குடும்ப அட்டை இருந்தால் பதிவு செய்ய மாட்டார்கள். அவர்களைத்தான் படை பார்த்துக்கொள்கிறதே என்றாள் பதிவுக் கவுண்டரில் இருந்த பெண். சுவரில் எழுதியிருப்பதை அவளும் பேருந்திலிருந்து படித்திருக்கிறாள்.

தையல்காரி அட்டைகளை ஒப்படைக்கப் போனாள். சார்ந்தோர் எண் ஒன்று, எண் இரண்டு. படையிலேயே படிவமும் குழுவும் கையெழுத்தும் இல்லாத ஒரே காரியம் அதுதான். ஏழு நிமிடத்தில் முடிந்தது. அட்டை போனால் குவார்ட்டர்ஸும் போகும் என்று விதிப்படி நினைவூட்டினார். தெரியும் என்றாள். அவர் அட்டைகளின் மூலையைக் கத்தரித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"பொது ஆஸ்பத்திரிக்கா?" என்றார் தணிந்த குரலில். "காலைல ஆறு மணிக்கே போயிடுங்க. ஏழு மணிக்கெல்லாம் டோக்கன் தீந்துடும். மூணாம் நம்பர் ரூம்ல ஒரு லேடி டாக்டர், பொறுமையா கேப்பாங்க. என் வீட்டுக்காரி பேர்ல அட்டையே வாங்காம, அஞ்சு வருஷமா அங்கதான் கூட்டிட்டுப் போறேன்."

தையல்காரி அவரையே பார்த்தாள்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்."

"அது விதியில இல்லம்மா," என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஊருக்குள் ஒரு சலவைக் கடையின் மாடியில் ஒரே அறையாக வீடு கிடைத்தது. மெஷினை ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. பெண்ணை ஏற்ற அவள் ஒருத்தியே போதுமாக இருந்தாள், அவ்வளவு மெலிந்துவிட்டிருந்தாள். மருத்துவமனையில் ஐந்து மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார்கள். பெண் தாயின் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் அறை டாக்டர் பழைய சீட்டுகளைப் பார்த்துவிட்டு, நன்றாகப் போய்க்கொண்டிருந்த மாத்திரையை எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டார். தையல்காரி வாயைத் திறந்தாள்.

"நாங்க நிறுத்தலை," என்றாள் பெண். அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

டாக்டர் புதுச் சீட்டை இழுத்தார். எழுதிக் கொடுத்தார். மாத்திரையை ஒரு ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள், பழைய செய்தித்தாளில் செய்த உறையில் போட்டு.

இந்தத் தடவை ஏழு வாரத்தில் சரியாகவில்லை. பதினோரு வாரம் ஆனது. பள்ளியில் ஒரு வருடம் போனது போனதுதான். ஆனாலும் ஒரு நாள் தலையை அவளே வாரிக்கொண்டாள். அப்புறம் சலவைக் கடைக்காரருக்குத் துணி எண் எழுதிக் கொடுக்கப் போனாள். எண்ணோடு ஆளின் பெயரையும் சேர்த்து எழுதினாள். அவர் கேட்கவில்லை, அவளாகவே எழுதினாள். படையிலிருந்து மட்டும் ஒரு கடிதம் வந்தது. அவர்களுடைய குடும்பத்தில் சார்ந்தோர் யாருமில்லை என்பதால் சார்ஜெண்டின் குடும்பப் படி நிறுத்தப்படுகிறது என்றும், இதுவரை சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தது.

பணி முடிந்து அவன் விடுப்பில் வந்தது ஒரு பகல் வேளையில். விலாசத்தை விசாரித்துக்கொண்டு மாடியேறி வந்து, கதவுக்கு வெளியே பெட்டியோடு நின்றான். இளைத்திருந்தான். பதவி உயர்வு கிடைத்திருந்தது. புதுப் பட்டையை யாரோ சட்டைக் கையில் தைத்துக் கொடுத்திருந்தார்கள். தையல் கோணலாக இருந்தது. தையல்காரியின் கண் முதலில் அதன்மேல்தான் போனது. கழற்றுங்க, பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வழி விட்டு நகர்ந்து நின்றாள். அவன் உள்ளே வந்தான். அந்த ஒற்றை அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல், மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றான்.

பெண் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, அதன்மேல் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு, உட்காரும் இடத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"உட்காருங்கப்பா," என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து அவள் அவனை வாப்பா போப்பா என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் கேலி செய்தபோதுகூட மாற்றிக்கொள்ளாதவள்.

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

அவன் தலையை மட்டும் அசைத்தான். அவள் கொண்டுவந்து கொடுத்தாள், இரண்டு கையாலும்.